வண்டிப் பட்டறையில் பிறந்த இறக்கை

1840ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பெற்ற சிம்சன் நிறுவனம், சேணமும் குதிரை வண்டியும் செய்து பெயர் பெற்று, பின்னர் மோட்டார் வண்டிகளுக்குக் கூடு கட்டும் தொழிலிலும் இறங்கியது; அக்காலத்தில் அது பிரிட்டிஷ் நிறுவனமாக இருந்தது. அதன் பட்டறையில் ஒரு விமானமும் உருவாயிற்று என்னும் செய்தி, நம் தொழில் வரலாற்றில் இன்னும் உரிய இடம் பெறாதது வருந்தத்தக்கது. 1909 ஜூலையில் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்ததை அறிந்து ஊக்கம் கொண்டவர், மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். அவர் தாமே வகுத்த அமைப்பைச் சிம்சன் நிறுவனத்தாரைக் கொண்டு கட்டுவித்து, சிறிய எஞ்சின் ஒன்றைப் பொருத்தி, பல்லாவரத்தில் சோதித்த பின், 1910 மார்ச்சில் மக்கள் முன்னிலையில் பறந்து காட்டினார்.

குதிரை வண்டி செய்தவர்களால் விமானம் செய்ய முடிந்ததற்குக் காரணம் அக்கால இறக்கையின் அமைப்பிலேயே உள்ளது. இறக்கையின் நீளவாட்டில் ஓடி எடையைத் தாங்கும் மரச்சட்டம் ‘ஸ்பார்’ எனப்படும். மீனின் நடுமுள்ளிலிருந்து பக்கமுட்கள் பிரிவதைப் போல அதன் குறுக்கே வரிசையாக அமையும் மெல்லிய வளைசட்டங்கள் ‘ரிப்’, அதாவது விலாச் சட்டங்கள் ஆகும். இவற்றின்மீது துணியை இழுத்துப் போர்த்தி, செல்லுலோஸ் கலந்த ‘டோப்’ என்னும் பூச்சைத் தடவும் முறை விரைவில் பரவியது. பூச்சு உலரும்போது துணி சுருங்கி விறைப்பேறும்.

விலாச் சட்டத்தின் வளைவே இறக்கைக்கு உயிர். முன்னோக்கி விரையும் இறக்கை தன்னைக் கடக்கும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகையில், மேற்புறத்தில் அழுத்தம் குறைந்து கீழ்ப்புறத்தில் மிகுகிறது. அவ்வேறுபாடே விமானத்தை மேலே தூக்கும் விசை. தட்டையான பலகையும் சாய்த்துப் பிடித்தால் ஓரளவு தூக்கும் என்றாலும், வளைந்த பரப்பே சிறந்தது என்பதைக் காற்றுச் சுரங்கத்தில், அதாவது செயற்கையாகக் காற்றைச் செலுத்தும் குழாயில், சோதித்தறிந்து 1884இல் காப்புரிமை பெற்றவர் ஆங்கிலேயரான ஹொரேஷியோ பிலிப்ஸ்.

மரத்தை நீராவியில் வாட்டி வளைப்பதும், எடை கூடாமல் வலிமை சேர்ப்பதும், தோலையும் துணியையும் சுருக்கமின்றிப் போர்த்துவதும் வண்டித் தச்சர்களின் கைகள் முன்பே அறிந்திருந்த வேலைகள். இங்கிலாந்திலும் நிலை இதுவே: டிராம் நிறுவனத் தலைவர் சர் ஜார்ஜ் வைட் 1910 பிப்ரவரியில் தொடங்கிய பிரிஸ்டல் விமான நிறுவனம், பில்டனில் இருந்த டிராம் நிறுவனக் கொட்டகைகளிலேயே வேலையைத் தொடங்கியது. அதன் ‘பாக்ஸ்கைட்’ விமானம் விரைவில் கல்கத்தாவிலும் பறந்தது.

வண்டித் தொழிலுக்கும் விமானத்துக்குமான இவ்வுறவு திருச்சிராப்பள்ளியையும் தொட்டது. நாகப்பட்டினத்திலிருந்து 1920களின் இறுதியில் இடம்பெயர்ந்த பொன்மலை ரயில்வே பணிமனை, இரண்டாம் உலகப் போரின்போது, ரயில் வேலைகளோடு பிரிட்டிஷ் விமானப்படையின் விமானங்களைச் செப்பனிடும் பணியையும் ஏற்றது. அதற்குள் போர் விமானங்களின் இறக்கைகள் பெரும்பாலும் அலுமினியக் கலவைத் தகடுகளுக்கு மாறிவிட்டன. எனினும் விமானிகள் பயிற்சி பெற்ற ‘டைகர் மாத்’ விமானத்தின் இறக்கை மரமும் துணியுமாகவே நீடித்தது.