டிஸ்க் வந்தாச்சு... பேர் எங்கே?

ஆபீஸுக்குப் புதிதாக வந்த ஆசாமியைக் கவனித்திருப்பீர்கள். நாற்காலி கிடைத்துவிடும். மத்தியானம் டீ கூட கிடைத்துவிடும். அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரில் மட்டும் பேர் இருக்காது! கம்ப்யூட்டரில் இரண்டாவதாக ஒரு ஹார்ட் டிஸ்க்கை மாட்டினாலும் பல சமயம் இதே கதைதான். உள்ளே உட்கார்ந்திருக்கும், மின்சாரம் சாப்பிடும், ஆனால் ‘அப்படி யாரும் இங்கே இல்லையே’ என்று கை விரித்துவிடும் கம்ப்யூட்டர்.

எங்கள் செக்‌ஷனுக்கு நான்தான் கம்ப்யூட்டர் வைத்தியர். பட்டமெல்லாம் கிடையாது. ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கொஞ்சம் பொறுமையும்தான் கைமுதல். போன மாதம் பக்கத்து சீட் நண்பர், ஒரு டிஸ்க்கைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார்.

“பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டுடுச்சு ஸார். இது ஒண்ணுதான் மிச்சம். புதுசுல மாட்டினா தெரியவே மாட்டேங்குது. தெருக்கோடி கடையில கேட்டேன், ஃபார்மட் அடிச்சா தெரிஞ்சுடும்னாங்க...”

“உள்ளே என்ன இருக்கு?”

“2011-ல தங்கச்சி கல்யாண வீடியோ. ஸ்டுடியோக்காரரும் கடையை மூடிட்டுப் போயிட்டார். எங்கப்பா நடமாடறது அதுல மட்டும்தான் ஸார்.”

ஃபார்மட் அடித்தால் டிஸ்க் தெரியும் என்பது வாஸ்தவம். கல்யாணம்தான் தெரியாது!

‘தெரியவில்லை’ என்று யாராவது சொன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி: எங்கே தெரியவில்லை? ஏனென்றால் கம்ப்யூட்டரில் இரண்டு ரெஜிஸ்டர்கள் உண்டு. ஒன்று, வாசலில் வாட்ச்மேன் வைத்திருக்கிற நோட்டு, அதுதான் பயாஸ். இன்னொன்று, உள்ளே விண்டோஸ் வைத்திருப்பது. ஸ்விட்ச் போட்டதும் டிலீட் அல்லது எஃப்-2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் (மெஷினுக்கு மெஷின் மாறும்) பயாஸ் திரை வரும். மாட்டியிருக்கும் டிஸ்க்குகளின் பட்டியல் அதில் இருக்கும். அங்கேயே பேர் இல்லையென்றால் விண்டோஸைத் திட்டிப் பிரயோஜனமில்லை. சிலர் உடனே விண்டோஸையே புதிதாகப் போட்டுப் பார்ப்பார்கள். பல்வலிக்கு முடி வெட்டிக்கொள்கிற மாதிரி!

நண்பருடைய டிஸ்க் வாட்ச்மேன் நோட்டிலேயே இல்லை. அப்படியானால் வயர் சமாசாரம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு (உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் இறங்கட்டும்) உள்ளே கை வைத்தேன். 2003-க்குப் பிறகு வந்த சாட்டா டிஸ்க்குகளுக்கு இரண்டு வயர்கள். தகவலுக்கு ஒல்லியாக ஏழு முனை, மின்சாரத்துக்கு அகலமாகப் பதினைந்து முனை. ஒல்லி வயர் லேசாகத் தளர்ந்திருந்தாலே டிஸ்க் காணாமல் போகும். மதர்போர்டில் வேறு சாக்கெட்டில் குத்திப் பார்க்கவும் வேண்டும். பல போர்டுகளில் எம்.2 என்கிற குச்சி மாதிரியான டிஸ்க்கைச் செருகினால், ஒன்றிரண்டு சாட்டா சாக்கெட்டுகள் தானாகவே வேலைநிறுத்தம் செய்துவிடும். இது தெரியாமல் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

ஒரு எச்சரிக்கை. பவர் சப்ளையிலிருந்து கழற்றி மாட்டுகிற மாதிரி வயர் இருந்தால், வேறு கம்பெனி வயரைக் கடன் வாங்கி மாட்டாதீர்கள். முனை ஒரே மாதிரி பொருந்தும். உள்ளே வோல்டேஜ் வரிசை மாறியிருக்கலாம். ஸ்விட்ச் போட்ட மாத்திரத்தில் டிஸ்க் கைலாசம் போய்விடும். இன்னொன்று, டிஸ்க் ‘டக்... டக்...’ என்று தாளம் போட்டால் அத்தோடு நிறுத்தி, தகவல் மீட்கிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள். உள்ளே என்னதான் என்று மூடியைத் திறக்கவே கூடாது. ஒரு தூசி போதும், கதை முடிந்துவிடும்.

(பட்டையான ரிப்பன் வயர் போட்ட அந்தக் கால டிஸ்க் என்றால், முதுகில் உள்ள சின்ன ஜம்பரைப் பாருங்கள். ஒரே வயரில் இரண்டு பேரும் ‘மாஸ்டர்’ என்று நின்றால் குழப்பம்தான். ஒருவர் ‘ஸ்லேவ்’ ஆக வேண்டும்.)

ஒல்லி வயரை மாற்றியதும் பயாஸில் பேர் வந்தது. நண்பர் முகத்தில் பாதி வெளிச்சம். ஆனால் விண்டோஸில் பார்த்தால் பழைய சி, டி மட்டும்தான்!

ஸ்டார்ட் பட்டனில் வலது க்ளிக் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ போனோம். இங்கேதான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். சில சமயம் இந்தத் திரை வந்ததுமே, ‘டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யட்டுமா?’ என்று மரியாதையாக ஒரு கேள்வி வரும். புது டிஸ்க் என்றால் தாராளமாகச் சரி சொல்லலாம். பழைய சரக்கு உள்ளே இருக்கிற டிஸ்க் என்றால் ‘கேன்சல்’தான். சரி சொன்னால் நிலம் அங்கேயே இருக்கும், பட்டா போய்விடும். ஃபார்மட் செய்யச் சொல்லிக் கேட்டாலும் அதே பதில்தான். அப்புறம் முழு டிஸ்க்கையும் இன்னொன்றில் அப்படியே நகலெடுத்து, அந்த நகலில்தான் மீட்புச் சாஃப்ட்வேரை ஓட்ட வேண்டும்.

நண்பருக்கு நல்ல நேரம். அவருடைய டிஸ்க் ‘ஹெல்த்தி’ என்றே இருந்தது. டிரைவ் எழுத்து மட்டும் இல்லை. வலது க்ளிக், ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர்’, எம் என்று ஒரு எழுத்து... அரை நிமிஷ வேலை. வீடியோ ஓடியது. தோளில் துண்டோடு ஒரு பெரியவர், பந்தியில் யாருக்கோ இன்னும் ஒரு கரண்டி பாயசம் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். நண்பர் திரையை விட்டு நகரவில்லை. நான் டீ சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்ததும் முதல் காரியமாக அதை இன்னும் இரண்டு இடத்தில் காப்பி பண்ணச் சொன்னேன்.

புது டிஸ்க் வாங்கியவர்களுக்கும் இரண்டு வார்த்தை. ‘எம்.பி.ஆரா, ஜி.பி.டியா?’ என்று விண்டோஸ் கேட்டால் ஜி.பி.டி. என்று சொல்லுங்கள். எம்.பி.ஆர். பழைய முறை, சாதாரணமாக அதற்கு 2 டெராபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. அப்புறம், 4 டெராபைட் என்று வாங்கியது 3.63 என்று காட்டினால் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவர் கொடுத்தது நாலு லட்சம் கோடி பைட். விண்டோஸ் அதை ஆயிரத்தால் வகுக்காமல் 1024, 1024 என்று நாலு தடவை வகுத்துக்கொள்கிறது. 1956-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க், பீரோ சைஸில் ஒரு டன் கனத்தில் இருந்து கொண்டு, 50 லட்சம் எழுத்துகளைத்தான் வைத்துக்கொண்டது. நண்பரின் பாயச சீன் கூட அதில் முழுசாக அடங்காது!