ஆறிலிருந்து ஐந்துக்கு

பத்தாம் வகுப்பில் படிக்கும் பையனுக்கு 'பத்து' என்றே பெயர் வைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அடுத்த ஜூன் மாதம் அவன் பதினொன்றாம் வகுப்புக்குப் போய்விடுவான் (தேறினால்!). பெயர் மட்டும் பத்திலேயே நின்றுவிடும் அல்லவா? கணிப்பொறி உலகில் உண்மையாகவே இப்படி ஒன்று நடந்தது.

2014ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் செபாஸ்டியன் மெக்கென்சி என்ற பள்ளி மாணவர் ஒரு மொழிபெயர்ப்பு நிரலை எழுதினார். அதன் மூலத்தை யாவரும் படிக்கவும் திருத்தவும் திறந்தே வைத்தார். அந்த நிரல் ஆங்கிலத்தையோ பிரெஞ்சையோ மொழிபெயர்ப்பதில்லை. ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணிப்பொறி மொழியின் புதிய வடிவத்தைப் பழைய வடிவமாக்கித் தரும்.

புதியதை ஏன் பழையதாக்க வேண்டும்? வலைப்பக்கங்களை இயக்கும் இந்த மொழியின் ஐந்தாம் பதிப்பு 2009இல் வெளியாயிற்று. ஆறாம் பதிப்பு 2015இல். புதிய இலக்கணத்தில் எழுத நிரலாளருக்கு ஆசை. ஆனால் வீடுகளில் உள்ள உலாவிகளோ பழையவை. எனவே ஆறில் எழுதி ஐந்தாக மாற்றி அனுப்பினார்கள். மெக்கென்சி தம் நிரலுக்கு வைத்த பெயரும் அதுதான்: 'சிக்ஸ் டு ஃபைவ்', அதாவது ஆறிலிருந்து ஐந்துக்கு!

மாற்றும் விதத்தைப் பாருங்கள். 3 ** 2 என்று எழுதினால் மூன்றின் இரண்டாம் அடுக்கு என்று பொருள். பழைய உலாவிக்கு இந்த இரட்டை நட்சத்திரம் புரியாது. பிழை என்று நின்றுவிடும். நாம் இலக்கண வகுப்பில் எழுவாய், பயனிலை என்று பிரிப்போமே, அதுபோல மொழிபெயர்ப்பு நிரல் முதலில் வரியை உறுப்புகளாகப் பிரித்து மரம்போல அமைக்கிறது. உச்சியில் 'அடுக்கு' என்ற செயல். இரு கிளைகளில் 3, 2. பின்னர் உச்சியை நீக்கி, அங்கே 'மேத்.பவ்' என்ற பழைய ஆணையைப் பொருத்துகிறது. மரத்தை மீண்டும் எழுத்தாக்கினால் பழைய உலாவியும் 9 என்று விடை சொல்லும்.

இந்த நட்சத்திரக் குறி 2016இல் வந்த ஏழாம் பதிப்பைச் சேர்ந்தது. இதை 'ஆறிலிருந்து ஐந்துக்கு' செய்கிறது என்று எப்படிச் சொல்வது? தொல்லை அங்கேதான். போதாக்குறைக்கு, ஆறாம் பதிப்புக்கே 2015 என்று ஆண்டுப் பெயர் வைத்துவிட்டார்கள்!

ஆனால் பெயரை மாற்றுவது பலகையை மாற்றுவது போன்றதன்று. மற்றவர்களுடைய நிரல்கள் இதைப் பெயர் சொல்லித்தான் அழைக்கின்றன. பெயர் மாறினால் அவர்கள் எல்லோரும் தங்கள் கோப்புகளைத் திருத்தியாக வேண்டும். தாமதித்தால் திருத்த வேண்டியவர்கள் தொகை பெருகும். 2015 பிப்ரவரியில் துணிந்து மாற்றினார்கள். புதிய பெயர் 'பேபல்'.

விவிலியத்தில் வரும் பாபேல் கோபுரத்தில் மொழிகள் குழம்பின. மொழிபெயர்ப்பு நிரலுக்கு அது பொருத்தமா என்று கேட்கலாம். பெயர் வந்த வழி வேறு. டக்ளஸ் ஆடம்ஸ் 1978இல் பி.பி.சி. வானொலிக்கு எழுதிய விண்வெளி நகைச்சுவைத் தொடரில் 'பேபல் மீன்' ஒன்று உண்டு. அதைக் காதுக்குள் விட்டுக்கொண்டால் எந்த மொழியும் புரியும்! இந்தப் பெயரில் எண் இல்லை, காலாவதி ஆகாது. ஒரே குறை, பேபல் என்ற பெயரில் வேறு நிரல்களும் ஏற்கெனவே இருந்தன.

பாடம் படித்தார்களா? அதே ஆண்டு அக்டோபரில் வந்த பேபல் ஆறாம் பதிப்பில் வேலைகளைத் தனித்தனித் தொகுதிகளாகப் பிரித்தார்கள். அவற்றில் ஒன்றின் பெயரில் 2015 என்று எண்ணைச் சேர்த்தார்கள்! அப்புறம் 2016, 2017 என்று ஆண்டுதோறும் ஒன்று. எதைச் சேர்ப்பது என்று பயனாளர்கள் திகைத்தார்கள். 2018இல் வந்த ஏழாம் பதிப்பு ஆண்டுப் பெயர்களைக் கைவிட்டது. அவற்றுக்குப் பதிலாக 'என்வ்' என்ற ஒரே தொகுதி. எந்தெந்த உலாவிகளில் ஓட வேண்டும் என்று சொன்னால் போதும். எதை மாற்ற வேண்டும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும்.