யந்திரம் காப்பாற்றியது, இருதயம்?

1960-ஆம் வருஷம் மார்ச் மாதம். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கிளைட் ஷீல்ட்ஸ் என்ற யந்திரத் தொழிலாளி நாளை எண்ணிக்கொண்டு படுத்திருந்தார். வயது 39. சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்ந்துவிட்டன.

ரத்தத்தைச் சுத்தி செய்யும் யந்திரம் அப்போதே உண்டு. ஹாலந்து தேசத்து டாக்டர் கோல்ஃப், இரண்டாவது மகா யுத்தத்தின்போதே அதை அமைத்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ரத்தக் குழாயைக் கீறவேண்டும். கீறிக்கொண்டே போனால் உடம்பில் இடம் ஏது? டாக்டர் ஸ்க்ரிப்னர் ஒரு யுக்தி செய்தார். ஷீல்ட்ஸின் கையில் டெஃப்லான் குழாயை நிலையாகப் பொருத்திவிட்டார். வேண்டும்போது யந்திரத்தில் மாட்டலாம், முடிந்ததும் கழற்றலாம்!

ஷீல்ட்ஸ் பிழைத்தார். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. 11 வருஷம் வாழ்ந்தார். 1971-ல் அவரைக் கொண்டுபோனது சிறுநீரகமா? இல்லை, மாரடைப்பு!

இது தற்செயல்தானா? ஸ்க்ரிப்னரும் அவருடைய சகாக்களும் 39 நோயாளிகளின் சரித்திரத்தை ஆராய்ந்து 1974-ல் வெளியிட்டார்கள். யந்திரத்தின் துணையால் வாழ்கிறவர்களுக்கு இருதய ரத்தக் குழாய் நோயே பெரிய சத்துரு என்று அதில் தெரிந்தது. இன்றும் நிலைமை அதுதான்.

காரணம் என்ன? நல்ல சிறுநீரகம் வாரத்துக்கு 168 மணி நேரமும் உழைக்கிறது. யந்திரமோ பெரும்பாலும் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி. ஆக 12 மணிதான். மற்ற நேரமெல்லாம் குடித்த தண்ணீரும் தின்ற உப்பும் உடம்பிலேயே தங்குகின்றன. ரத்தத்தின் அளவு பெருகுகிறது, அழுத்தம் ஏறுகிறது. அத்தனையையும் தள்ளவேண்டியது யார்? பாவம், இருதயம்!

சம்மட்டி அடிக்கும் கொல்லனின் புஜம் பருப்பதுபோல், இருதயத்தின் இடது அறைச் சுவரும் தடிக்கிறது. புஜம் பருத்தால் பலம். இருதயச் சுவர் தடித்தாலோ விறைத்துப் போகிறது. நாளடைவில் களைத்தும் விடுகிறது. போதாக்குறைக்கு ரத்த சோகை வேறு. ரத்தக் குழாய்களில் சுண்ணாம்புச் சத்தும் படிகிறது. பொட்டாசியம் மிஞ்சினால் இருதயத் துடிப்பே தாளம் தப்பும்.

திங்கள், புதன், வெள்ளி என்று முறை வைத்தால், வெள்ளிக்குப் பிறகு இடைவெளி நீளுகிறதல்லவா? அந்த நீண்ட இடைவெளிக்குப் பின்னால்தான் ஆபத்து அதிகம் என்று 2011-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று காட்டியது.

பரிகாரம் இல்லாமல் இல்லை. பிரான்ஸில் தஸான் என்ற ஊரில், தடவைக்கு எட்டு மணி நேரம் நிதானமாக ரத்தத்தைச் சுத்தி செய்தார்கள். சாப்பாட்டில் உப்பையும் குறைத்தார்கள். பெரும்பாலோருக்கு ரத்த அழுத்த மாத்திரையே தேவைப்படவில்லை! அவசரமாக நீரை இறைத்தால் இருதயம் தத்தளிக்கும். மெல்ல இறைத்தால் தாங்கும்.

எட்டு மணி நேர வசதி எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் உப்பு ஜாடி நம் சமையலறையில்தானே இருக்கிறது? வீட்டில் இத்தகைய நோயாளி இருந்தால், "தண்ணீர் குடிக்காதே" என்று அவரை அதட்டிப் பயன் இல்லை. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் இலையில் இருக்கும்வரை தாகம் அடங்காது. இளநீர் குளிர்ச்சி என்று அன்போடு நீட்டுவோம். அதில் பொட்டாசியம் ஏராளம்! எது எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தத்தை யந்திரம் பார்த்துக்கொள்ளும். இருதயத்தைப் பார்த்துக்கொள்வதில் பாதி, வீட்டிலே பரிமாறுகிறவர்கள் கையில் இருக்கிறது.