டிராக்டரின் பின்புறப் பார்வை

டிராக்டரின் பின்புறப் பார்வை என்பது, ஓட்டுநர் தன் இருக்கையில் இருந்தபடியே வண்டிக்குப் பின்னால் உள்ள தரை, ஆட்கள், கருவி ஆகியவற்றை எவ்வளவு காண முடிகிறது என்பதைக் குறிக்கும். கார் ஓட்டுபவர் வண்டியை நிறுத்தும்போதோ திருப்பும்போதோதான் பின்னோக்கி வருகிறார். டிராக்டரில் கலப்பை, ரோட்டாவேட்டர், டிரெய்லர், மண் நிரவும் பிளேடு எனப் பெரும்பாலான கருவிகள் பின்னால்தான் மாட்டப்படுகின்றன. ஆகவே நாள் முழுவதும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. குளிர் நாடுகளில் பனியை அகற்றும் டிராக்டர்களுக்கு இது பெரிய சிக்கல். பனியே விழாத நம் ஊரில் களத்திலும் குளத்திலும் இதே சிக்கல் புழுதியோடு வருகிறது.

மறையும் தரை எவ்வளவு?

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் வட்டாரத்தில் மக்காச்சோளம், உளுந்து, பருத்தி போன்ற மானாவாரிப் பயிர்கள் மிகுதி. அறுவடைக் காலத்தில் டிரெய்லர் பூட்டிய டிராக்டர்கள் களத்துக்குள் பின்னோக்கி வந்து கதிரை இறக்கும். கோடையில் குளங்களில் கரம்பை மண் அள்ளும்போதும் அப்படித்தான். களத்தில் பெரியவர்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள், பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 2.1 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அவருக்கு 5 மீட்டர் பின்னால் டிரெய்லரின் பின்பலகை, அதன் மேல்விளிம்பு 1.6 மீட்டர் உயரம். கண்ணிலிருந்து அந்த விளிம்பைத் தொட்டுச் செல்லும் பார்வைக்கோடு 5 மீட்டரில் 0.5 மீட்டர் இறங்குகிறது. அதாவது 10 மீட்டருக்கு 1 மீட்டர். மீதி 1.6 மீட்டர் இறங்கித் தரையைத் தொட இன்னும் 16 மீட்டர் வேண்டும். பத்தாம் வகுப்பில் படிக்கும் வடிவொத்த முக்கோணங்கள்தாம் இவை. அந்தப் பாடத்தை நடத்தியபோதெல்லாம் கொடிக்கம்பத்தின் நிழலையே உதாரணம் சொன்னேன். இந்த உதாரணம் பணி ஓய்வுக்குப் பிறகுதான் தோன்றியது.

அந்த 16 மீட்டர் தரையும் ஓட்டுநருக்குத் தெரியாது. 90 செ.மீ. உயரமுள்ள குழந்தை டிரெய்லருக்குப் பின்னால் 7 மீட்டருக்குள் நின்றால், ஓட்டுநர் முழுவதுமாகத் திரும்பிப் பார்த்தாலும் அதன் தலைமுடிகூடத் தெரியாது. 120 செ.மீ. உயரமுள்ள பள்ளிச் சிறுவன் என்றால் 4 மீட்டருக்குள் மறைந்துவிடுவான். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் பின்னோக்கி வரும் வண்டி 7 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 5 நொடிதான் ஆகும். இது காலி டிரெய்லருக்கான கணக்கு. வைக்கோலோ கதிரோ ஏற்றியிருந்தால் பின்னால் எதுவுமே தெரியாது.

விபத்து நடந்ததும் ‘பார்க்காமல் ஓட்டிவிட்டான்’ என்று சொல்லிவிடுகிறோம். அந்த இருக்கையிலிருந்து பார்க்கவே முடியாத இடம் ஒன்று இருக்கிறது என்பதை ஓட்டுநரும் அறிந்திருப்பதில்லை, களத்தில் நிற்பவர்களும் அறிந்திருப்பதில்லை.

கண்ணாடி காட்டுவதும் காட்டாததும்

டிராக்டரில் பொருத்தப்படும் பின்பார்வைக் கண்ணாடி பெரும்பாலும் குவி ஆடி. அது பரந்த பரப்பைக் காட்டும், ஆனால் எல்லாவற்றையும் சிறிதாக்கிக் காட்டும். வளைவு ஆரம் 1.2 மீட்டர் உள்ள ஓர் ஆடியை எடுத்துக்கொள்வோம். குவியத் தொலைவு அதில் பாதி, 0.6 மீட்டர். டிரெய்லரின் பின்முனைக்கு அருகே பக்கவாட்டில், ஆடியிலிருந்து 5.4 மீட்டர் தொலைவில், மேலே சொன்ன 90 செ.மீ. குழந்தை நிற்கட்டும். ஆடிச் சமன்பாட்டின்படி பிம்பம் ஆடிக்கு 54 செ.மீ. பின்னால் தோன்றும். உருப்பெருக்கம் பத்தில் ஒன்று, ஆகவே பிம்பத்தின் உயரம் 9 செ.மீ.

ஓட்டுநரின் கண் ஆடியிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால், சமதள ஆடியில் 15 மீட்டருக்கு அப்பால் உள்ள குழந்தை எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ அவ்வளவு சிறிதாக இந்தக் குழந்தை தெரியும். உண்மையில் குழந்தை இருப்பதோ அதில் பாதித் தொலைவுக்கும் உள்ளே. ‘இன்னும் இடம் இருக்கிறது’ என்று ஓட்டுநர் ஏமாறுவது இதனால்தான்.

கண்ணாடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வண்டியின் இரு பக்கங்களைத்தான் காட்டும். டிரெய்லரின் நேர்பின்புறம் அதற்கு எட்டாது. டிரெய்லர் ஒரு பக்கமாக மடங்கத் தொடங்கினால் அந்தப் பக்கக் கண்ணாடியில் பலகை மட்டுமே தெரியும்.

இருக்கும் கண்ணாடியையும் நாம் ஒழுங்காக வைத்திருப்பதில்லை. வண்டிப்பாதையில் சீமைக்கருவேல முள் அடித்து ஒரு முறை உடைந்தால் மறுபடி மாட்டுவது அரிது. மட்கார்டின் மேல் ஆள் உட்கார்ந்து வருவது இன்னொரு வழக்கம். தவறி விழுந்தால் சக்கரத்துக்குள் போகும் ஆபத்து ஒருபுறம், ஓட்டுநரின் பக்கப் பார்வையை முழுதாக மறைப்பது மறுபுறம். இரண்டு பக்கமும் கண்ணாடி மாட்டி, மட்கார்டைக் காலியாக வைத்தாலே பக்கவாட்டுப் பார்வையின் பெரும்பகுதி கிடைத்துவிடும். இதற்குப் பெரிய செலவு இல்லை.

பனி அகற்றும் டிராக்டர்கள்

இந்தியாவில் ரோதாங், சோஜி லா போன்ற இமயக் கணவாய்ச் சாலைகளில் பனியை அகற்றுவது 1960இல் தொடங்கப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பு. அங்கே பெரும்பாலும் புல்டோசர்களும் முன்புறம் வெட்டும் பொறிகளும் முன்னோக்கியே வேலை செய்கின்றன. கனடா, பின்லாந்து போன்ற நாடுகளில் பண்ணை டிராக்டரையே இதற்குப் பயன்படுத்துவது வழக்கம். பனியை வாரி எறியும் பொறியை டிராக்டரின் பின்னால் மாட்டினால் பனிக்குள் பின்னோக்கித்தான் செல்ல வேண்டும். ஓட்டுநர் மணிக்கணக்கில் கழுத்தைத் திருப்பியபடி உட்கார்ந்திருப்பார். கழுத்து வலியும் இடுப்பு வலியும் இதனால் வருகின்றன. எறியப்படும் பனித்தூள் காற்றில் திரும்பிவந்து பின்கண்ணாடியையும் மூடிவிடும்.

அவர்கள் இதைப் பல விதமாகச் சமாளிக்கிறார்கள். பொறியை முன்னால் மாட்டுவது ஒன்று. மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் வேறொரு முறை பரவலாக உள்ளது. பின்னால் மாட்டிய பொறியின் வாய் டிராக்டரை நோக்கித் திரும்பியிருக்கும். வீட்டு வாசல் வரை ஒருமுறை பின்னோக்கிப் போய்ப் பொறியை இறக்கிவிட்டு, பனியை இழுத்தபடி முன்னோக்கி வெளியே வருவார்கள். பின்லாந்தின் வால்ட்ரா நிறுவனம் ஓட்டுநர் இருக்கையையே பின்பக்கம் திருப்பி, அங்கே இன்னொரு ஸ்டீயரிங்கும் வைத்துத் தருகிறது. பனி உறையாதபடி சூடேற்றப்படும் கண்ணாடிகளும் உண்டு.

விளக்கு விஷயத்தில் அவர்களின் அனுபவம் நமக்கும் உதவும். பனித்தூள் பறக்கும்போது உயரத்தில் உள்ள விளக்கின் ஒளி தூளில் பட்டுச் சிதறி ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்புகிறது. எனவே வேலை விளக்கைத் தாழ்வாகவும் பக்கவாட்டிலும் பொருத்துவது நல்லது. இரவில் ரோட்டாவேட்டர் ஓட்டும்போது எழும் புழுதியிலும் நடப்பது இதேதான்.

நேர்பின்புறத்தைக் காண

நியூயார்க் மாநிலத்தில் 2002இல் தந்தை பின்னோக்கி ஓட்டிய வண்டியில் சிக்கி, கேமரன் குல்பிரான்சன் என்ற 2 வயதுக் குழந்தை வீட்டு வாசலிலேயே இறந்தது. அக்குழந்தையின் பெயரால் 2008இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதன் வழியே 2018 மே முதல் அங்கே விற்கப்படும் புதிய கார்களில் பின்புறக் கேமரா கட்டாயமானது. இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களுக்குப் பின்புற உணரிகள் கட்டாயம். இவை கார்களுக்கான விதிகள். டிராக்டர் வைத்திருப்பவர் தாமாகத்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

டிராக்டரின் மின்கலமும் காரைப் போல 12 வோல்ட் என்பதால் காருக்கான கேமராவை இதிலும் இணைக்கலாம். அதை டிரெய்லரின் பின்பலகையில் பொருத்த வேண்டும். டிராக்டரிலேயே பொருத்தினால் டிரெய்லரின் முன்பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். திரையில் இடவலம் கண்ணாடியில் தெரிவதுபோல அமைகிறதா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மாறியிருந்தால் ஸ்டீயரிங்கைத் தவறான பக்கம் ஒடிக்க நேரும். லென்ஸில் படியும் புழுதியை அடிக்கடி துடைக்க வேண்டும். பின்னோக்கி வரும்போது ஒலிக்கும் எச்சரிக்கை மணியும் பயன்படும். ஆனால் கதிரடிக்கும் இயந்திரம் ஓடும் களத்தில் அது காதில் விழும் என்று நம்ப முடியாது.

கேமரா இல்லாத இடத்தில் ஓர் ஆள்தான் கண். நான்கு பேர் சேர்ந்து ‘வரலாம், வரலாம்’ என்று கத்துவதால் பயனில்லை. இன்ஜின் சத்தத்தில் ‘வரலாம்’ என்பதும் ‘வேண்டாம்’ என்பதும் ஒன்றுபோலவே கேட்கும். ஒருவர் மட்டும், வண்டியின் பாதைக்கு வெளியே, ஓட்டுநரின் கண்ணாடியில் தன் முகம் தெரியும்படி நின்று கையசைக்க வேண்டும். பேருந்து நடத்துநரின் விசில் முறை எல்லாருக்கும் தெரிந்ததே: ஒரு விசில் நிறுத்த, இரண்டு விசில் செல்ல. அதையே இங்கும் வைத்துக்கொள்ளலாம். வழிகாட்டுபவர் கண்ணாடியிலிருந்து மறைந்த நொடியில் வண்டி நிற்க வேண்டும். அவர் மறுபடி தெரியும்வரை நகரக் கூடாது.

களத்துக்கு இரு வாசல் இருந்தால் ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளியேறலாம், பின்னோக்கி வரும் தேவையே குறையும். தோட்டத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்தால் கூடுதல் கவனம் தேவை. பின்னோக்கி வந்து கிணற்றுக்குள் விழுந்த டிராக்டர்களைப் பற்றிய செய்திகளை நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். கனடாவில் பனிக்காலம் தொடங்கும் முன்பே வாசல்பாதையின் ஓரங்களில் பளிச்சென்ற நிறக் குச்சிகளை நட்டுவிடுவார்கள், பனி மூடினாலும் விளிம்பு எங்கே என்று ஓட்டுநருக்குத் தெரியும். நம் கிணற்றைச் சுற்றியும், விளிம்பிலிருந்து சில மீட்டர் தள்ளி, பின்பலகையை விட உயரமான கம்புகளை நட்டுச் சிவப்புத் துணி கட்டிவைக்கலாம். உயரம் 2 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால், டிரெய்லர் பூட்டியிருக்கும்போதும் ஓட்டுநருக்குத் துணி தெரியும்.