வீட்டு வேலையும் வேலையே

பள்ளியிற் புதிதாகச் சேரும் பிள்ளையிடம் நாங்கள் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "உன் தாயார் என்ன வேலை செய்கிறார்?" என்பது. "அம்மா சும்மாதான் இருக்காங்க, சார்" என்னும் விடையை என் பணிக்காலத்தில் எத்தனை முறை கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒருமுறை, இவ்வாறு சொன்ன சிறுவனின் தாயார் கைக்குழந்தையுடன் அருகிலேயே நின்றிருந்தார். அவரும் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. "வேலை இல்லை" என்று பதிவேட்டில் எழுதினேன். அன்று நான் எழுதியது பிழை என்பதை உணர எனக்குப் பல்லாண்டுகள் ஆயின.

பெண்ணுரிமை என்றவுடன் நம் நினைவுக்கு வருவன சட்டங்களே. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, சட்டத்தின்முன் இருபாலாரும் சமம் என்றது. சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை அரசு பின்பற்ற வேண்டிய நெறிகளுள் ஒன்றாகவும் வைத்தது. 1976-இல் சம ஊதியச் சட்டம் பிறந்தது. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குரிய பங்கினை 1989-இல் தமிழ்நாடும், 2005-இல் நாடு முழுமைக்குமாக நாடாளுமன்றமும் வழங்கின. மகப்பேற்று விடுப்பு 2017-இல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. இவை யாவும் பெரும் பேறுகளே. ஆயினும், வீட்டினுள் பெண் செய்யும் உழைப்பை உழைப்பென்றே கருதாத வரையில் இவ்வுரிமைகள் முழுப்பயன் தாரா என்பதே நான் கூற விரும்புவது.

பிழை செய்தவன் நான் ஒருவன் மட்டும் அல்லன். 2001-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டுக் கடமைகளை மட்டுமே செய்தோர் "வேலை செய்யாதோர்" என்னும் வகையில் வைக்கப்பட்டனர். அதே வகையில் இரவலரும் சிறைவாசிகளும் இருந்தனர். சாலை விபத்தில் இறந்த இல்லத்தரசி ஒருவருக்கான இழப்பீட்டு வழக்கில், 2010-இல் உச்ச நீதிமன்றம் இதனைச் சுட்டிக் காட்டி வருந்தியது. 2023 ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. கணவர் அயல்நாட்டில் பொருளீட்ட, மனைவி இங்கே குடும்பத்தைக் காத்து வந்தார். அவருடைய உழைப்பே கணவர் கவலையின்றிப் பொருளீட்டத் துணைநின்றது என்று கூறி, வழக்கிலிருந்த சொத்துக்கள் சிலவற்றில் மனைவிக்குச் சம பங்கு உண்டு என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கெனத் தனிச் சட்டம் இல்லாமையையும் அது குறிப்பிட்டது. ஆகவே எல்லார்க்கும் தாமாகவே பாதி கிடைத்துவிடும் என்று கொள்ளலாகாது. எனினும் நெறி இன்னதென்பது விளங்கிற்று.

இவ்வுழைப்பின் அளவு யாது? 2019-இல் நடுவண் அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு விடை தருகிறது. ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குச் செலவிட்டனர். ஆண்கள் 97 நிமிடங்களை. அவ்வேலையிற் கைவைத்த ஆண்களோ நூற்றுக்கு 26 பேரே. பெண்கள் 81 பேர்.

இதன் விளைவைக் காணப் புள்ளிவிவரமும் வேண்டியதில்லை. வருகைப் பதிவேடே போதும். வீட்டில் தாய் நோயுற்றால் மறுநாள் பள்ளிக்கு வாராதவள் மகள். மகன் வழக்கம்போல் வந்துவிடுவான். என்னுடன் பணியாற்றிய ஆசிரியைகள் மாலை மணி அடித்ததும் விரைந்து புறப்பட்டது ஓய்வுக்காக அன்று, இரண்டாம் பணிக்காக. தலைமைப் பொறுப்பு தேடி வந்தும் "வீட்டைப் பார்ப்பவர் யார்?" என்று அதை மறுத்தவர்களையும் அறிவேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஊதியம் சமமாகவே இருந்தது. சுமைதான் சமமாக இல்லை.

"ஆண் வெளியே உழைக்கவில்லையா?" என்று சிலர் வினவலாம். உழைக்கிறான், ஐயமில்லை. ஆனால் அவன் உழைப்புக்கு ஊதியம் உண்டு, விடுமுறை உண்டு, ஓய்வு வயது உண்டு. மனைவியின் உழைப்புக்கு இம்மூன்றும் இல்லை. அன்றியும், மனைவியும் வெளியே உழைக்கும் இல்லங்களில் அவ்வினா எழுதற்கே இடமில்லை.

ஆதலின் சீர்திருத்தம் இல்லத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும். உண்ட தட்டைக் கழுவவும், துணி துவைக்கவும், சோறு வடிக்கவும் மகளுக்குக் கற்பிப்பதுபோல் மகனுக்கும் கற்பியுங்கள். "அம்மாவுக்கு உதவி செய்" என்று சொல்லாதீர்கள். உதவி என்னும் சொல் அவ்வேலை அவளுடையதே என்பதை ஒப்புக்கொள்வதாகும். "உன் பங்கைச் செய்" என்று சொல்லுங்கள். வரவு செலவிலும், வீடு நிலம் வாங்குதலிலும் மனைவியின் கருத்தைக் கேளுங்கள். பத்திரத்தில் அவர் பெயரும் இடம்பெறட்டும்.

அந்தப் பதிவேட்டைத் திருத்த இனி எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் என் பேரனிடம் அவன் ஆசிரியர் அதே கேள்வியைக் கேட்கும் நாளில் அவன் "சும்மா" என்னும் சொல்லைக் கூறாதிருக்க வேண்டும். அதற்காக, நாள்தோறும் அவன் பார்க்க, உண்ட பாத்திரங்களை நானே துலக்குகிறேன்.