தோட்டத்து லயமும் பிரதேச சபையும்

கொழும்பிலிருந்து அவிசாவளையைக் கடந்து இரத்தினபுரியை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், சபரகமுவ மாகாணத்தின் வாயிற்படி போல அமைந்துள்ள ஊர் எஹலியகொட. வயல்களிலே இரத்தினக்கல் அகழும் குழிகள். மேட்டு நிலங்களிலே இறப்பர் மரங்கள். சரிவுகளிலே தேயிலைச் செடிகள். 1912ஆம் ஆண்டில் இரத்தினபுரியை எட்டிய களனிவெளிச் சிறு புகையிரதப் பாதை இவ்வூரின் வழியாகவே சென்றது. அவிசாவளைக்கு அப்பாலுள்ள பகுதி 1976இல் மூடப்பட்டது. புகையிரதம் போயிற்று, அது ஏற்றிச் சென்ற இறப்பரையும் தேயிலையையும் விளைவித்த மக்கள் அங்கேயே இருக்கின்றனர்.

நுவரெலியாவைப் போல இங்கே தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாய் வாழ்பவரல்லர். சிங்களக் கிராமங்களுக்கிடையே, ஒரு தோட்டத்தில் சில லயங்கள், அடுத்த தோட்டத்தில் சில லயங்கள் எனச் சிதறி வாழ்கின்றனர். விடியுமுன் பால்வெட்டுக்குச் செல்பவர் குரல், எண்ணிக்கை குறைந்த காரணத்தால் சபைகளில் மெலிந்தே ஒலித்து வந்துள்ளது.

ஊராட்சி என்பது இலங்கைக்குப் புதியதன்று. பழைய கிராம மன்றங்களுக்கு 1871ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம் மீண்டும் உயிரளித்தது. ஆயின் தோட்டம் கிராமமாகக் கருதப்படவில்லை. 1937இல் அவ்வகைச் சட்டம் திருத்தப்பட்டபோதும் தோட்டங்களிற் குடியிருந்த தொழிலாளர்க்குக் கிராமச் சபை வாக்குரிமை கிட்டவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலார் நாடற்றோராயினர். அவ்விடர் நீங்கப் பல்லாண்டுகள் சென்றன. 2003ஆம் ஆண்டின் சட்டமே எஞ்சியிருந்தோர்க்கு வழி திறந்தது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் தோன்றின. பொதுச் சுகாதாரம், பொதுவழிகள், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் ஆகியவற்றைப் பேணுதல் அவற்றின் கடமை. வீதி விளக்கு, நூலகம், சந்தை, மயானம், குப்பை அகற்றல் யாவும் இவற்றுள் அடங்கும். ஆயினும் சபை நிதியைக் கொண்டு கிராமங்களை மேம்படுத்துவது குறித்த 33ஆம் பிரிவில் தோட்டக் குடியிருப்பு என்னும் சொல் இடம்பெறவில்லை. தோட்டம் கம்பனியின் நிருவாகத்திலுள்ளது; அங்கே பொதுப்பணத்தைச் செலவிடல் ஆகாது என்று பொருள் கொள்ளப்பட்டது.

இதனால் விளைந்த முரண்பாடு யாது? பயிர்செய்யப்பட்ட தோட்ட நிலத்தின்மீது ஏக்கர் வரி விதிக்க அதே சட்டம் சபைக்கு அதிகாரமளிக்கிறது. நிலத்திற்கு வரியுண்டு, நிலத்தில் வியர்வை சிந்தியவனுக்குப் பாதையில்லை. தோட்டத் தொழிலாளி தேர்தலில் வாக்களித்தான். ஆனால் அவன் தேர்ந்தெடுத்த உறுப்பினர், லயத்துக்கு முன்னுள்ள வழுக்குப் பாதைக்கு ஒரு வண்டிக் கல்லும் போட இயலாதவராய் நின்றார். மழையிலே நோயாளியைத் தோளிற் சுமந்து பெருந்தெருவுக்குக் கொணரும் மக்களுக்கு இது வெறும் சட்ட நுணுக்கமன்று.

2018ஆம் ஆண்டில் பாராளுமன்றம் 33ஆம் பிரிவைத் திருத்தித் தோட்டப் பகுதிகளையும் உள்ளடக்கியது. ஒரு சொல் சேர்ந்தது. ஒரு வேலி விழுந்தது. அதே ஆண்டு பெப்ரவரியில் வட்டார முறையும் விகிதாசார முறையும் கலந்த புதிய தேர்தல் முறை முதன்முறை நடைமுறைக்கு வந்தது. உறுப்பினரில் நூற்றுக்கு 60 பேர் வட்டாரங்களிலிருந்தும் 40 பேர் பட்டியலிலிருந்தும் வருவர்; பெண்களுக்கு நூற்றுக்கு 25 இடம். சிதறி வாழும் சிறு சமூகம் எந்த ஒரு வட்டாரத்திலும் வெல்ல இயலாவிடினும், பட்டியல் வழியே ஓரிடம் பெற வாய்ப்புண்டு. கொழுந்து பறிக்கும் பெண்ணும் சபையில் அமரலாம்.

எனினும், சட்டம் கதவைத் திறக்குமேயன்றிக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் செல்லாது. சபையின் வருவாயோ சிறிது, கேட்போரோ பலர். எந்தப் பாதை, எத்தனை குடும்பங்கள், மழைக்காலத்தில் என்ன இடர் என்பதைத் தெளிவாக எழுதிக் கையொப்பமிட்டு, வரவு செலவுத் திட்டம் வகுக்கப்படுமுன் கொடுப்பவர் கோரிக்கைக்கே பயன் உண்டாகும். சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பகுதியிலும், அரச அலுவலருடன் தமிழில் எழுதித் தொடர்பு கொள்ளவும் மறுமொழி பெறவும் 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம் உரிமை வழங்கியுள்ளது. எஹலியகொடைத் தொழிலாளி தன் மனுவைத் தமிழிலேயே எழுதலாம். எழுதத் தெரியாத முதியோர்க்கு, பாடசாலை சென்ற பிள்ளையே எழுதுகோலாகலாம்.

லயத்துப் பாதை செப்பனிடப்பட்டால் அடுத்த கிராமத்துச் சிங்கள உழவனும் அதிலே நடப்பான். ஊற்று தூய்மையானால் இரு சாராரும் பருகுவர். சிறு சமூகத்தின் குறை தீர்தல் ஊர் முழுவதன் நலமேயாகும். இதனை உணர்ந்த சபையே ஊர்ச்சபை எனும் பெயருக்கு உரியதாகும்.