கூட்டுக் கணிப்பிற் செய்தித் தொடர்பு

ஒரு பெருங்கணக்கைத் தனியொரு கணினி தீர்க்கமாட்டாதவிடத்து, அதனைக் கூறுபடுத்திப் பல கணினிகட்குப் பகிர்ந்தளிப்பர். அவை ஓரிடத்தே நெருங்கியிருப்பின் 'கொத்து' எனவும், பல ஊர்களிற் பரந்திருந்து ஒருங்கே தொழிற்படின் 'கிரிட்' எனவும் பெயர்பெறும். இரண்டிலும் கணினிகள் தம்முட் செய்தி பரிமாறும் முறை ஒன்றன்று.

செய்தி வழியை அளப்பதற்கு இரு அளவைகள் உள. ஒரு செக்கனிற் செல்லும் தரவின் அளவு கொள்ளளவு. ஒரு செய்தி போய்ச்சேர எடுக்கும் நேரம் தாமதம். பூநகரியார் இவ்வேறுபாட்டை நன்கறிவர். 2011 இற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்படுமுன், கேரதீவுக்குச் செல்லும் பாதைப்படகு ஊர்திகளையும் மூடைகளையும் ஒருங்கே ஏற்றியது. ஆயினும் ஒற்றைக் கடிதத்தோடு வந்தவனும் அதன் வரவுக்குக் காத்திருக்க நேர்ந்தது.

கொத்துக்களில் 'இன்பினிபாண்ட்' போன்ற தனிப்பிணைப்புக்களால் ஒரு சிறு செய்தி ஓரிரு மைக்ரோசெக்கனிற் சேரும். 1994 இல் வகுக்கப்பெற்ற எம்.பி.ஐ. என்னும் செய்திப் பரிமாற்ற நியமம் ஆங்குப் பெரிதும் வழங்குகின்றது. அயற்பகுதியின் நிலையைக் கணந்தோறும் வினவவேண்டிய வானிலைக் கணிப்பிற்கு இதுவே ஏற்றது.

தூர இணைப்பின் இயல்பு வேறு. இந்தியாவிற் சீ-டாக் நிறுவனம் அமைத்த 'கருடா' கிரிட், முதற்கட்டத்தில் 17 நகரங்களிலுள்ள 45 நிறுவனங்களை இணைத்தது. கண்ணாடியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்லும். சென்னைக்கும் டில்லிக்கும் இடையே நேர்த்தூரம் ஏறத்தாழ 1,750 கிலோமீற்றர். எனவே வினா சென்று விடை மீள, 17 மில்லிசெக்கனேனும் வேண்டும். இது கொத்தில் ஆகும் நேரத்தினும் பல்லாயிரம் மடங்காகும். பொருள் செலவிட்டுக் கொள்ளளவைப் பெருக்கலாம்; ஒளியின் வேகத்தைப் பெருக்குதல் எவர்க்கும் இயலாது.

ஆதலின், தம்முட் பேசவேண்டாத கூறுகளே கிரிட்டுக்கு உரியன. செர்ன் ஆய்வகத்திற் பதிவாகும் துகள் மோதல்கள் ஒவ்வொன்றும் தனித்து ஆராயத்தக்கவை. அதனாலன்றோ பல நாட்டு நிலையங்கள் அவற்றைப் பகிர்ந்து ஆராய முடிகின்றது! அங்ஙனம் பெருந்தரவை அனுப்ப, பல ஓடைகளை ஒருங்கே செலுத்தும் 'கிரிட் எவ்.ரி.பி.' உதவும். வேலையை ஒப்படைக்க எழுத்துவடிவ வலைச்சேவை தகும். பருமன் மிகினும், எவ்வகைக் கணினியும் அதனை உணரும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. நாட்டின் பல்கலைக்கழகங்களை 'லேர்ண்' வலையமைப்பு இணைக்கின்றது. பெருங்கணினி வாங்கும் வளமற்ற நிறுவனங்களுக்குச் சிறு கணினிகளின் கூட்டு நல்ல துணையாகும். ஆயின், கணக்கின் கூறுகள் எத்துணை முறை தம்முட் பேசவேண்டும் என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும். அதனை ஆராயாது வாங்கிய அகன்ற இணைப்பும் கணினிகளைக் கரையிற் காத்திருக்கவே வைக்கும்.